செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் பெரியவர்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

நமது சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டு அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

சுதந்திர தினத்தன்றும் குடியரசு தினத்தன்றும் சங்க அறை முன்பு கொடி ஏற்றினோம். பொங்கல் விளையாட்டுப் போட்டி வழக்கம்போல் நடந்தது. கண் பரிசோதனை முகாம் ஒன்று நடத்தினோம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்தோம். இந்த ஆண்டு நாம் இழந்த மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம். அவர்களில் இருவர் இலங்கையிலிருந்து கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்தபோதே வயது வந்த பெரியவர்கள். அவர்களிடம் கேட்க வேண்டும் என்று நான் எழுதி வைத்திருந்த கேள்விகள் கேட்காமலே போய்விட்டன.

நம் குடும்பங்களின் முன்னோர் பெயரையும் ஊரையும் தேடி எழுதிவைக்கும் பதிவேட்டு வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்ற பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “செத்துப்போனவங்க பேரைத் தேடி என்ன ஆகப்போகுது, அந்தப் பணத்துல ரெண்டு நாற்காலி வாங்கலாமே” என்று கேட்டார். அன்று நேரமில்லை. பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன்.

1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அங்கே பிறந்த நம்மவரிடம் கேட்டது இதைத்தான்: உன் அப்பா இந்த நாட்டில் பிறந்தாரா? இல்லையென்றால் உன் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா? பிறந்திருந்தால் காட்டு. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, தோட்டத்திலேயே மண்ணுக்குள் போன குடும்பங்களிடம் காட்டுவதற்குக் காகிதம் எங்கே இருக்கும்? 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது 9,75,000 பேரை இரண்டு நாடுகளும் கணக்குப் போட்டன. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். அந்த எண்ணிக்கைக்குள்தான் இங்கே உட்கார்ந்திருக்கும் நாம் எல்லோரும் வருகிறோம். தாத்தா பிறந்த ஊரைக் காகிதத்தில் காட்ட முடியாததால் வீடு, வேலை, நாடு எல்லாம் கைவிட்டுப் போன ஜனம் நாம். நம்மைப் பார்த்து அந்தத் தேடல் எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது.

இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் இன்று வீட்டுக்குப் போனதும் எடுத்துப் பாருங்கள். தாத்தா இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கட்டம் பலருடையதில் இருக்கும். இதுவரை நான் கையில் வாங்கிப் பார்த்த சான்றிதழ்களில் அநேகமாக எல்லாவற்றிலும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடுதான் இழுத்திருக்கிறது. பெற்றோர் மணமானவர்களா என்ற கட்டத்தில் “இல்லை” என்று இருக்கும். கோயிலில் வைத்துத் தாலி கட்டி, தோட்டமே கூடிச் சாப்பிட்ட கல்யாணம்தான். பதிவாளரிடம் போய்க் கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவுதான். ஒரு அம்மா அந்த வரியை என் மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “எங்கப்பா எங்கம்மாவுக்குத் தாலி கட்டலைன்னா எழுதியிருக்கு?” என்று கேட்டார். எழுதியவருக்கு அது ஒரு சொல். அறுபது வருடம் கழித்து அதைக் கேட்டவருக்கு அப்படி இல்லை.

லண்டனில் இருக்கும் நம் உறுப்பினர் ஒருவரின் பேரன், முன்னோரைத் தேடுவது எப்படி என்று அங்கே பழகிய முறைகளை எழுதி அனுப்பியிருந்தார். அவருக்கு நன்றி. இங்கிலாந்தில் 1538 முதல் ஒவ்வொரு பங்குத் தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவு. 1841 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுக்கு வீடு ஆள் பெயர் இருக்கிறது. நூறு வருடம் பூட்டி வைத்துவிட்டுத் திறந்துவிடுகிறார்கள். 1921ஆம் வருடத்தது 2022 ஜனவரியில் திறந்தது. 1931ஆம் வருடத்துத் தாள்கள் 1942இல் தீயில் போய்விட்டன என்று அங்கே இன்றைக்கும் வருந்துகிறார்களாம். சுரங்கக்காரன், வண்டிக்காரன், வீட்டு வேலைக்காரி என்று கூலிவேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள்கூட அப்படித்தான் தாத்தா பாட்டியைக் கண்டுபிடிக்கிறார்கள். அவர்களுக்கும் அது லேசில்லை. ஏழைகள் வாடகை கொடுக்க முடியாமல் வீடு மாறிக்கொண்டே இருப்பார்கள், வயதை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொல்வார்கள், பெயரை எழுதுபவர் காதில் விழுந்தபடி எழுதிக்கொள்வார்.

நம் கதை வேறு. இலங்கையில் முதல் கணக்கெடுப்பு 1871இல். 1911 கணக்கெடுப்பில்தான் இந்தியத் தமிழர் என்று நம்மைத் தனியாகப் பிரித்து எண்ணினார்கள். 5,30,983 பேர். நாம் பார்க்கும்படி கிடைப்பது அந்தத் தொகை மட்டும். இந்தியாவிலும் அப்படியே. இங்கே 1948ஆம் வருடத்துச் சட்டப்படி கணக்கெடுப்பில் தனி ஆளைப் பற்றி எழுதியதை யாரும் பார்க்க முடியாது. நிலப் பதிவில் தேடலாமே என்று சிலர் சொன்னார்கள். ‘அ’ பதிவேட்டிலும் சிட்டாவிலும் இருப்பது நிலம் வைத்திருந்தவன் பெயர். நிலம் இருந்திருந்தால் நம் ஆட்கள் ஏன் ஆள் பிடிக்க வந்த கங்காணி பின்னால் கண்டிச்சீமைக்கு நடக்கப் போகிறார்கள்?

ஒரு வீட்டில் மஞ்சள் பைக்குள் கடவுச்சீட்டு, குடும்ப அட்டையோடு சேர்த்து ஒரு தகரத் துண்டைக் காட்டினார்கள். இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோகும்போது கழுத்தில் கட்டிவிட்ட தகர டிக்கெட். மேலே கயிறு கோக்க ஓட்டை, விளிம்பெல்லாம் துரு. உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எண் இருக்கிறது. அது தோட்டத்துக்கு உரிய எண். போட்டிருந்த ஆளின் பெயர் அதில் எந்தப் பக்கமும் இல்லை.

ஆகவே நம்மவர் பெயர் இருக்குமிடம் வேறு. செக்ரோல் என்ற தோட்டத்துக் கூலிக் கணக்குப் புத்தகம், பிறப்பு இறப்புப் பதிவு, கோவில் வரி எழுதிய நோட்டு, கிறிஸ்தவக் குடும்பமென்றால் தேவாலய ஏடு, அப்புறம் நம் வீட்டுத் தகரப்பெட்டி. செக்ரோலை நம்ப முடியாது. 1970களில் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992இல் கம்பெனிகளிடம் நிர்வாகம் போனது, ஒவ்வொரு கைமாற்றத்திலும் பழைய கணக்குப் புத்தகங்கள் காணாமல் போயிருக்கின்றன.

இந்த ஆண்டு ஒரு குடும்பத்துக்கு முழுதாக வழி கிடைத்தது. தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயில் இரண்டு தலைமுறை வேலை செய்த குடும்பம். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அவர்களிடம் இருந்தது பூட்டனார் பெயர் ராயப்பன் என்ற ஒரு சொல், கடவுச்சீட்டில் துறையூர் தாலுகா என்ற ஒரு வரி, ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெயர். அதிலும் தோட்டத்துப் பெயர் நம் ஜனம் தமிழில் கூப்பிட்ட பெயர். துரைமார் ஆங்கிலத்தில் வைத்த பெயர் வேறு. இரண்டும் ஒரே தோட்டம் என்று தெரியவே எங்களுக்கு நான்கு மாதம் ஆனது. அங்கே இன்னும் இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை தொலைபேசியில் சொன்ன பிறகுதான் புரிந்தது.

செப்டம்பரில் நானும் துணைச் செயலாளரும் திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் போய், அங்கிருந்து மலைக்கு ரயில் ஏறினோம். தோட்டத்துக்குப் பக்கத்துத் தேவாலயத்தில் பங்குத்தந்தை பழைய ஞானஸ்நான ஏட்டை எடுத்து மேசையில் வைத்தார். மை பழுப்பாகிவிட்டது, ஓரத்தைச் செல் அரித்திருக்கிறது. பக்கம் பக்கமாக விரல் வைத்துத் தேடினோம். ராயப்பன் எங்குமே இல்லை. இரண்டு மணி நேரம் கழித்துத் துணைச் செயலாளர்தான் கேட்டார்: “ஃபாதர், ராயப்பர்னா பேதுருதானே?” அந்தக் கேள்விக்காகவே அவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். ஏடு லத்தீனில் எழுதியது. ராயப்பன் அங்கே பேத்ருஸ். அருளப்பன் யோவான்னெஸ், சின்னப்பன் பவுலுஸ். மறுபடி முதல் பக்கத்திலிருந்து வந்தோம். ஒரு குழந்தையின் தகப்பன் பேத்ருஸ். தாய் பெயர் அந்தக் குடும்பம் சொன்ன அதே பெயர். குழந்தை அவர்களுடைய தாத்தாவின் அக்கா. சிறு வயதிலேயே இறந்துபோனதால் வீட்டில் யாருக்கும் அவள் பெயர் தெரியாது.

அதைவிடப் பெரிய விஷயம் கடைசிப் பத்தியில் இருந்தது. ஞானத்தந்தை, ஞானத்தாய் பெயர்கள், அவர்கள் வேலை செய்த தோட்டம். ஞானப்பெற்றோராக யாரைக் கூப்பிடுவோம்? ஊரிலிருந்து ஒன்றாக வந்தவனை, அண்ணன் தம்பியை, மாமன் மச்சானை. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போனோம். அங்கே அந்த ஞானத்தந்தையின் வம்சத்தில் ஒருவர் இன்னும் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறார். துறையூர்ப் பக்கத்துக் கிராமத்தின் பெயரை அவர் வாயால் சொன்னார். திரும்பி வந்து அந்தக் கிராமத்துக்குப் போனோம். “கண்டிக்குப் போன குடும்பமா? நாலு வீடு போச்சு, ஒண்ணும் திரும்பலைன்னு எங்க ஆயா சொல்லும்” என்றார் ஒரு முதியவர். அந்த ஊர்த் தேவாலய ஏட்டிலும் ஒரு பேத்ருஸ் இருக்கிறார், வயதும் ஒத்துவருகிறது. அவர்தான் இவர் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். தகப்பன் பெயர் ஒத்துவந்தால்தான் சொல்வேன். அதற்கு இன்னொரு தடவை போக வேண்டும்.

இந்துக் குடும்பங்களுக்கு இந்த ஏடு உதவாது. அவர்களுக்குக் குலதெய்வம்தான் முதல் தடயம். சாமி பெயரும், எந்த ஊர் எல்லையில் இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டதும் இருந்தால் போதும், தொடங்கலாம். பெயர்களில் ஒரு எச்சரிக்கை: கருப்பன் என்பதை ஆங்கிலக் கணக்கில் கார்பென் என்று எழுதியிருப்பார்கள். பெயர் சரியாக இல்லை என்று தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இனி வருத்தமான விஷயம். ஆறு செயற்குழுக் கூட்டங்களுக்கு அழைப்பு அனுப்பினேன். மூன்றில் போதிய ஆள் இல்லாமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். கோவையிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளால் வர முடியாது, அது எனக்குப் புரிகிறது. உள்ளூரில் இருந்துகொண்டு வராதவர்களைப் பற்றித்தான் சொல்கிறேன். ஆண்டுச் சந்தா ரூ. 200. பாதிக்கும் மேற்பட்டவர்கள் கட்டவில்லை. சிலர் மூன்று வருடமாகக் கட்டவில்லை, ஆனால் சாதிச் சான்றிதழுக்கு இலங்கைக் காகிதம் வேண்டும் என்றால் இரவு ஒன்பது மணிக்கும் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். நான் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. இனியும் அனுப்பமாட்டேன். சந்தாவை மட்டும் கட்டிவிடுங்கள். இன்னொன்று: பிறப்புச் சான்றிதழ் நகல்கள் இருந்த நீலக் கோப்பை ஒரு உறுப்பினர் பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கிப் போனார். எட்டு மாதமாகிறது. அதில் பன்னிரண்டு குடும்பத்துத் தாள்கள் இருக்கின்றன. கொண்டுவந்து கொடுத்தால் ஒரு வார்த்தையும் கேட்கமாட்டேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், சந்தாவும் நன்கொடையும் சேர்ந்து வந்தது விழாச் செலவுக்கும் அறை வாடகைக்கும் சரியாகப் போனது, கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு. இலங்கைப் பயணத்தைப் பற்றிப் பேச்சு எழுந்ததால் சொல்கிறேன்: விமான டிக்கெட், தங்கும் செலவு எல்லாம் நாங்கள் இருவரும் சொந்தக் கையிலிருந்து போட்டது. சான்றிதழ் நகல் கட்டணமும் படிவச் செலவும் மட்டும் சங்கக் கணக்கில் வந்திருக்கிறது. ரசீது எல்லாம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

தலைவர், பொருளாளர், அறையை வாடகைக்குக் கொடுத்தவர், ஒலிபெருக்கிக்காரர், விழாக்களில் சமைத்த தாய்மார்கள், ஏட்டைத் திறந்து காட்டிய இரண்டு பங்குத்தந்தையர், தொலைபேசியில் மணிக்கணக்காகப் பேசிய கணக்கப்பிள்ளை ஐயா அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். நான் பத்து வருடமாகச் செயலாளர். கண் பார்வை குறைகிறது, பழைய கையெழுத்தைப் படிப்பது சிரமமாக இருக்கிறது. வேறு யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். யாரும் வரவில்லையென்றால் இன்னும் ஒரு ஆண்டு தொடரத் தயார், ஆனால் தனியாக முடியாது. ஆங்கிலக் கூட்டெழுத்து படிக்கத் தெரிந்த இரண்டு பிள்ளைகள் வேண்டும். காகிதங்களைப் படமெடுத்து வைக்க ஒரு ஸ்கேனர் வேண்டும். அதற்கு யாராவது மனது வைத்தால் பொதுக்கூட்டத்திலேயே அவர்களுக்கு மாலை போடுவோம். எழுபது வயதுக்கு மேற்பட்ட பெரியவர்கள் இருக்கும் வீடுகளின் பட்டியலை எழுதிவிட்டேன். மார்ச் முடிவதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, தாத்தா பெயர், பாட்டி பெயர், தோட்டம், குலதெய்வம், ஊர் ஐந்தையும் அவர்கள் வாயால் கேட்டு எழுதிவிட வேண்டும். பாட்டியின் பெயரை மறந்துவிடாதீர்கள், இதுவரை வந்த படிவங்களில் அதிகம் காலியாக இருப்பது அந்த இடம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை சங்க அறை திறந்திருக்கும். கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் போட்டோ எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். கிழிந்திருந்தால் ஒட்டாமல் அப்படியே கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்