அரையாண்டு விடுமுறைக்கு முன் ஒரு கடிதம்

பெற்றோருக்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா, பாட்டிகளான ஐயா, ஆயாமாருக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி எல்லாம் சிறப்பு. கபடியில் கோப்பை வந்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் நம் மாணவன் ஒருவன் வீட்டிலிருந்த வலி மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கிவிட்டான். யாரென்று தயவுசெய்து விசாரிக்க வேண்டாம். அவனுடைய ஐயாவின் இடுப்பு ஆபரேஷனுக்குக் கொடுத்த டிரமடால் என்ற வலி மாத்திரையில் மிச்சம், முறுக்கு டின்னில் கிடந்திருக்கிறது. பட்டாலையில் படுத்தவன் கர்கர்ரென்று குறட்டை விட்டான். அசதி என்று விட்டுவிட்டார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அப்புறம் எழுப்பியும் எழாததால் மோரைப் புகட்டினார்கள்.

இந்த ஓபியாய்டு வகை மருந்து, அதாவது அபினைப் போல வேலை செய்யும் வலி மருந்து, அளவு மீறினால் மூளையில் மூச்சை நடத்தும் இடத்தையே மந்தமாக்கிவிடும். மூச்சு குறைந்து உதடு நீலம் பாரிக்கும். இருமக்கூடத் தோன்றாததால் வாந்தியோ, ஊற்றிய மோரோ நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரும். சிலருக்கு மூச்சு திரும்பிய பிறகும் நுரையீரலில் நீர் கோத்து, இளஞ்சிவப்பாக நுரை தள்ளும். அந்த மருந்தின் வேகத்தை முறிக்கும் நலாக்சோன் ஊசி போட்டுக் கண் விழித்துவிட்டான் என்று உடனே வீட்டுக்குக் கூட்டி வரவும் கூடாது. ஊசியின் வேகம் ஒரு மணி நேரம் போலத்தான். மாத்திரையின் வேகம் அதையும் தாண்டி நிற்கும். நம் பிள்ளை ஒன்பது நாள் ஆக்சிஜனில் இருந்தான். இன்னும் மாடிப்படி ஏறினால் இரைக்கிறது.

எழுப்பியும் எழாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள்.

பிழைப்புக்காக சிங்கப்பூர், சென்னை என்று இருப்பவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனாலும் கறாராகவே சொல்கிறேன்: இரும்புப் பெட்டிக்கு மூன்று சாவி போடும் வீட்டில் மாத்திரை மட்டும் திறந்த டின்னில் கிடக்கக் கூடாது. மருந்துக் கடைக்குப் பிள்ளையை அனுப்பவும் வேண்டாம். பையில் மாத்திரை அட்டை ஏதும் கண்ணில் பட்டால் கை ஓங்காதீர்கள்; நேராக என்னிடம் வாருங்கள். பெயர் அறையைத் தாண்டாது. போதைப் பழக்கம் குறித்துப் பேச 14446 இருக்கிறது, கட்டணம் இல்லை.

செய்தி தெரிந்ததும் ஆஸ்பத்திரியில் முறை வைத்துத் துணைக்கு இருந்த பெற்றோருக்கு மனமார்ந்த நன்றி. தேர்வு நாட்களில் ஆசிரியர்களுக்குச் சீயமும் மணகோலமும் கொடுத்தனுப்பிய ஆச்சிமாருக்கும் நன்றி. பெயர் வெட்டாத எவர்சில்வர் தூக்கு ஒன்று அலுவலகத்தில் இருக்கிறது, உரியவர் வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்