விசிறி வைத்த விமானத்தில் வா

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில், "சென்னையிலிருந்து சேலத்துக்கு ரயிலிலேயே வந்துவிடுகிறேன் அப்பா, அந்த விசிறி வைத்த பழைய விமானம் எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். இரவெல்லாம் அந்தச் சொல் என்னை விடவில்லை. நேரில் சொன்னால் பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

பிரான்ஸில் நீ இருக்கும் துலூஸ்தான், நீ வேண்டாம் என்ற அந்த ஏடிஆர் விமானம் முழு உருவம் பெறுகிற ஊர். உடற்பகுதி இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்திலிருந்து வருகிறது, இறக்கை போர்தோவிலிருந்து வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பறக்கவிடுவது உன் ஊரில். அங்கே புறப்பட்டதுதான் நம் கமலாபுரம் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறது. உனக்கும் அதற்கும் இவ்வளவு உறவு இருக்க, வேண்டாம் என்கிறாய்.

பழையது என்றாயே. ஏடிஆர் 72 முதலில் பறந்தது 1988இல், உண்மைதான். ஆனால் நீ ஏறப்போவது பின்னால் வந்த 600 வகை. நீ விசிறி என்கிறாயே, அந்தப் புரொப்பல்லருக்கு ஆறு அலகு, கார்பன் இழையில் செய்தவை. உள்ளே இருப்பது ஜெட் விமானத்தில் இருப்பதைப் போன்ற டர்பைன்தான், சூடான வாயு தள்ளச் சுழலும் சக்கரம். டர்பைன் நிமிடத்துக்குச் சுமார் 20,000 சுற்று சுற்றுகிறது, புரொப்பல்லருக்கு வேண்டியதோ 1,200 சுற்று. நடுவில் நின்று அந்த வேகத்தை இறக்கித் தருவது ஒரு கியர் பாக்ஸ். முப்பது வருடமாக லேத் முன்னால் நிற்பவன் நான். பல்லில் தலைமுடி அளவு பிசகு இருந்தாலும் ஒரு கியர் எப்படிக் கத்தும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கியர் பாக்ஸைக் கடைந்தவர்களை மனதுக்குள் கும்பிடுகிறேன்.

நம் ஓடுதளம் 1,806 மீட்டர். பெரிய ஜெட் வந்து போக அது போதாது. ஏடிஆருக்குப் போதும். சென்னையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். அதற்கு ஜெட் மாதிரி முப்பத்தைந்தாயிரம் அடி ஏறி உடனே இறங்குவதில் என்ன லாபம்? இந்தக் குறுகிய தூரத்துக்குப் புரொப்பல்லரில் போனால் எரிபொருளும் மிச்சம். அந்த விமானம் இல்லையென்றால் நம் ஊருக்கு விமானமே இல்லை, கண்ணு.

ஏறும் வழி வாலுக்குப் பக்கத்தில், பெட்டிகளை ஏற்றுவது முன்பக்கம். உள்ளே போனதும் வலது ஜன்னல் வழியாக ஒருமுறை எட்டிப் பார். எஞ்சின் ஓடும் சத்தம் கேட்கும், புரொப்பல்லர் மட்டும் அசையாமல் நிற்கும். பழுது என்று பயந்துவிடாதே. பெரும்பாலான பயணிகள் விமானங்களில் தரையில் மின்சாரம் தர வாலில் ஒரு குட்டி எஞ்சின் உண்டு. இதில் அது கிடையாது. புரொப்பல்லரைப் பிரேக் போட்டுப் பிடித்துக்கொண்டு வலது எஞ்சினையே அந்த வேலைக்கு வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு யோசனை யாருக்குத் தோன்றியதோ!

2024 அக்டோபர் 6 உனக்கு நினைவிருக்கும். மெரினா மணலில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சியில் ரஃபேல் போர் விமானம் தலைக்கு மேல் போனபோது நீ காதைப் பொத்திக்கொண்டு துள்ளினாய். நான் காத்திருந்தது டகோட்டா என்ற பழைய சரக்கு விமானத்துக்காக. பதினான்கு சிலிண்டரை வட்டமாக அடுக்கிய எஞ்சின் இரண்டு. அந்தக் கனத்த உறுமல் நெஞ்சுக்குள் கேட்டது. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் நம் வீரர்களைக் கொண்டுபோய் இறக்கியது இந்த வகை விமானம்தான். அது கடலோரமாக நிதானமாகக் கடந்துபோனபோது எனக்குக் கண் கலங்கியது, நீ பார்க்கவில்லை. அன்றைய வெயிலில் நம்மைப் போல் வந்தவர்களில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். அந்த நாளைச் சந்தோஷமாக மட்டும் நினைக்க என்னால் முடியவில்லை.

துபாயில் 2025 நவம்பர் 21 அன்று விமானக் கண்காட்சியில் தேஜஸ் போர் விமானம் விழுந்து விங் கமாண்டர் நமன்ஷ் ஸ்யால் இறந்தபின், தரையை ஒட்டி அடிக்கும் கரணங்களுக்கு என் கை தட்ட எழவில்லை. உயரத்தில் ஒன்பது ஹாக் விமானங்கள் சேர்ந்து போகும் நம் விமானப்படையின் சூர்யகிரண் அணிவகுப்பு போதும். அதிலும் ஆபத்து உண்டு. 2019இல் பெங்களூரு பக்கத்தில் யெலஹங்காவில் ஒத்திகையின்போது இரண்டு மோதி ஒரு விமானி உயிர்விட்டார். ஆனாலும் அந்த ஒழுங்கைப் பார்க்கத்தான் என் மனம் போகிறது.

சினிமாவிலும் எனக்கு இதே கணக்குதான். முதல் 'டாப் கன்' படத்தில் எதிரி விமானத்தை மிக்-28 என்பார்கள். அப்படி ஒன்று இல்லை, அமெரிக்காவின் எஃப்-5 போர் விமானத்துக்குக் கறுப்பு வண்ணம் பூசியிருந்தார்கள். 2022இல் வந்த அடுத்த படத்தை மதிக்கிறேன். நடிகர்களை நிஜப் போர் விமானத்தின் பின்னிருக்கையில் உட்காரவைத்து எடுத்தார்கள், முகம் இழுபடுவது நடிப்பு அல்ல. 'சூரரைப் போற்று' பார்த்து நாம் இருவரும் அழுதோமே, அந்தக் கதைக்கு அடிப்படையான கோபிநாத் 2003இல் ஏர் டெக்கான் விமான நிறுவனம் தொடங்கியதும் ஏடிஆர் விமானத்தோடுதான்.

போன ஞாயிறு ஏற்காடு போயிருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவும் பனி. மேலே மேற்கு பார்த்த ஒரு பாறையில் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தேன். பனி விலகியதும் கீழே, என் கண்மட்டத்துக்கும் கீழே, ஓமலூர்ப் பக்கம் வெள்ளையாக ஒரு சிறு சிலுவை நகர்ந்தது. விமானத்தின் முதுகை அண்ணாந்து பார்க்காமல் குனிந்து பார்க்க நம் மலையில்தான் கிடைக்கும். உள்ளே யாருடைய பிள்ளை வருகிறதோ என்று நினைத்தேன்.

இடது பக்க ஜன்னலைக் கேட்டு வாங்கு. இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் மலையை மறைக்காது. சேர்வராயன் மலை அந்தப் பக்கம்தான் வரும். சக்கரம் வயிற்றிலிருந்து இறங்குவதையும் பார்க்கலாம். தலைக்கு மேல் உள்ள அடுக்கு சின்னது, கைப்பெட்டியை அளவாகக் கொண்டுவா.

புறப்படுவதற்குள் பிளான்யாக்கில் உள்ள அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்விடு. அங்கே ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்ட் பயணிகள் விமானம் இரண்டு நிற்கின்றன. தரையிறங்கும்போது கீழே சாயுமே, அந்த மூக்கைப் பக்கத்திலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பு. பட்டறைச் சுவரில் மாட்ட வேண்டும். டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுது. அம்மா வாசலில் நிற்பாள், நான் வேலியோரம் நிற்பேன்.

அன்புடன்,
அப்பா