சேலம் – திருச்சி பஸ் கண்டக்டர் தம்பிக்கு

மே மாதம் வந்தால் நான் சேலத்திலிருந்து மல்கோவா கொண்டுபோவேன். திருச்சியில் என் சிநேகிதி நுங்கு வாங்கி வைத்திருப்பாள். இருவருக்கும் 70 தாண்டிவிட்டது. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்த காலத்துப் பழக்கம் இது. பழம் வைக்கோலில் பழுத்ததாக இருக்க வேண்டும். கல் வைத்ததென்றால் அவள் மூக்கே சொல்லிவிடும்.

போன வாரம் பஸ் ஏறும்போது கட்டைப்பையின் காது அறுந்து, பழங்கள் சக்கரத்தடி வரை உருண்டுவிட்டன. எனக்கோ முழங்கால் மடங்காது.

தம்பி, நான் உங்களைக் கூப்பிடவே இல்லை. நீங்களாகவே டிரைவரிடம் கை காட்டிவிட்டு, மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி, உங்கள் கைக்குட்டையால் துடைத்தீர்கள். அடிபட்ட இரண்டைத் தனியாக வைத்து, "இதை இன்னைக்கே சாப்பிட்டுடுங்கம்மா" என்றீர்கள். பையைச் சணலால் கட்டி, யார் காலும் படாமல் உங்கள் சீட்டுக்கடியில் வைத்தீர்கள். திருச்சியில் ஆட்டோ வரைக்கும் தூக்கியும் வந்தீர்கள். பழம் நீட்டினால் சிரித்துக்கொண்டே ஓடிவிட்டீர்கள்.

"ஒண்ணையாவது அந்தப் பிள்ளை பையில திணிச்சிருக்கக் கூடாதா?" என்று அவள் இன்னும் திட்டுகிறாள். ரொம்ப நன்றி, தம்பி. அடுத்த மே மாதமும் அதே காலை பஸ்ஸில்தான் வருவேன். அப்போது ஓட விடமாட்டேன்.