சுமைக்கோடு: கட்டுரைக்கு ஒரு மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாரம் ஏற்றிய கப்பல் எதுவரை அமிழலாம் என்று காட்ட, சரக்குக் கப்பல்களின் விலாவில் பொறிக்கப்படும் சுமைக்கோட்டைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் தானியமும் தாதும் ஏற்றும் கப்பல்களில் அதிகாரியாக இருந்தவன் என்பதால், இப்பொருளில் தமிழில் எது வந்தாலும் விடாமல் படிப்பேன். கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் “அந்தக் கோடு தண்ணீருக்கு மேலே தெரியும்வரை கப்பலுக்கு ஆபத்தில்லை” என்ற வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் வரலாறு. கப்பல்களில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவதை எதிர்த்துப் போராடிய பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால், 1875 ஜூலையில் பிரதமர் டிஸ்ரேலியின் அரசு கப்பல் பாதுகாப்பு மசோதாவைக் கைவிட்டபோது சபையிலேயே கொதித்தெழுந்து, மாலுமிகளைச் சாவுக்கு அனுப்புகிறவர்களைக் கயவர்கள் என்று கூவி, பின்னர் அதற்காக மன்னிப்பும் கேட்க நேர்ந்தது. மறு ஆண்டே கப்பலில் சுமைக்கோட்டுக் குறியிடுவதைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்துவிட்டது என்று கட்டுரையாளர் எழுதுகிறார், அது சரிதான். அவர் எழுதாமல் விட்டது, குறியை எந்த உயரத்தில் இடுவது என்பதை 1876ஆம் ஆண்டுச் சட்டம் கப்பல் முதலாளியிடமே விட்டுவிட்டது என்பதை. கேலிக்காக ஒரு கேப்டன் அதைப் புகைபோக்கியில் வரைந்தார் என்று மாலுமிகள் சொல்லும் கதைக்கு அடிப்படை இதுதான். கோடு நிற்க வேண்டிய இடத்தைச் சட்டமே வரையறுக்க 1890 வரை, அதாவது மேலும் பதினான்கு ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை கோடு தண்ணீருக்கு மேலே நன்றாகத் தெரிந்தபடியே எந்தக் கப்பலும் மூழ்கியிருக்க முடியும்.

இன்றைய கோட்டை 1966ஆம் ஆண்டு லண்டனில் உருவான பன்னாட்டு உடன்படிக்கை ஆள்கிறது. படகில் கப்பலின் நடுப்பகுதிக்கு நெருங்கிப் போய்ப் பார்த்தால், 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வளையமும், அதன் நடுவே 450 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கிடைக்கோடும் தெரியும். தூரிகையை வைத்துக்கொண்டு யாரும் இடம் மாற்றிவிடாதபடி, பற்றவைத்தோ வெட்டியோ தகட்டிலேயே பொறித்து, அதன்மேல்தான் பெயின்ட் அடிப்பார்கள். வளையத்திலிருந்து 540 மில்லிமீட்டர் முன்னே, ஏணிப்படிபோல் வேறு சில கோடுகள் இருக்கும்: கோடைக்கு ஒன்று, அதற்கு மேலே வெப்பமண்டலக் கடலுக்கு ஒன்று, கீழே குளிர்காலத்துக்கு ஒன்று, நன்னீருக்குத் தனியாக இரண்டு. சிறிய கப்பல்களுக்கு வட அட்லாண்டிக் குளிர்காலத்துக்கென்று எல்லாவற்றுக்கும் கீழே இன்னொன்றும் உண்டு. ஆகவே “அந்தக் கோடு” என்றால், எந்தக் கோடு, எந்தக் கடலில், எந்தத் தேதியில் என்று கேட்டாக வேண்டும்.

நம் கரையையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவின் கிழக்குக் கரையில் 10 பாகை 30 நிமிட வட அட்சரேகையில், வேதாரண்யத்துக்குச் சற்று வடக்கே, உடன்படிக்கையின் எல்லை ஒன்று கடலுக்குள் இறங்குகிறது. அதற்குத் தெற்கே உள்ள தூத்துக்குடியில் கப்பல் ஆண்டு முழுவதும் வெப்பமண்டலக் கோடுவரை அமிழலாம். வடக்கே உள்ள சென்னையிலோ விசாகப்பட்டினத்திலோ டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரைதான் அந்தச் சலுகை. மே மாதம் பிறந்தால் கோடைக்கோடுதான். பலத்த காற்றும் புயலும் எவ்வளவு அரிதாக வருகின்றன என்ற கணக்கை வைத்து வகுத்த எல்லைகள் இவை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் அடித்தது, ஆண்டு முழுவதும் சாதுவானதென்று இந்தக் கணக்கு சொல்லும் கடலில்தான் என்பதையும் நினைவில் கொள்வது நல்லது.

வெப்பமண்டலக் கோட்டுக்கும் கோடைக்கோட்டுக்கும் உள்ள இடைவெளி அற்பமானதல்ல. கோடைக்கோட்டில் 12 மீட்டர் அமிழும் கப்பலுக்கு, அதில் 48இல் ஒரு பங்கு, அதாவது 25 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் அமிழ 60 டன் வேண்டிய கப்பலானால் 1,500 டன் சரக்கு. ஓர் ஏப்ரல் கடைசியில் கிழக்குக் கரைத் துறைமுகம் ஒன்றில் மழையால் ஏற்றுவது தள்ளிப்போக, எல்லையைத் தாண்டித் தெற்கே இறங்குவதற்குள் மே பிறந்துவிடும் என்று கணக்குப் போட்ட எங்கள் கேப்டன், கோடைக்கோட்டோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். சரக்குக்காரரின் ஆள் படகில் இறங்கி, ஈரம் படாமல் நின்ற மேல்கோட்டைக் கையால் தட்டித் தட்டிக் காட்டி, “இன்னும் இவ்வளவு இடம் இருக்கிறதே சார்” என்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் சொன்னதும் பொய்யில்லை. அன்றைய தேதிக்கு இடம் இருந்தது.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது. கப்பல் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்பதைத்தான் கோடு சொல்லும். பாரம் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதை அது சொல்லாது. 2014 ஏப்ரல் 16 அன்று தென்கொரியாவில் கவிழ்ந்து 304 பேரைக் காவுகொண்ட செவோல், சரக்கும் பயணிகளும் ஏற்றும் கப்பல். அதில் அனுமதிக்கப்பட்ட 987 டன்னுக்குப் பதிலாக 2,000 டன்னுக்கு மேல் சரக்கு ஏற்றியிருந்தார்கள். கூடுதல் பாரத்தால் கோடு அமிழ்ந்துவிடாதிருக்க, கப்பல் நிலையாக நிற்க அடித்தொட்டிகளில் இருக்க வேண்டிய பேலஸ்ட் தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள். அடிப்பாரம் குறைந்து மேல்பாரம் கூடிய கப்பல், ஒரு திருப்பத்தில் சாய்ந்தது. சரியாகக் கட்டாத சரக்கு ஒரு பக்கமாகச் சரிய, அதன்பின் நிமிரவேயில்லை. கரையில் நின்று பார்த்த எவருக்கும் கோடு தண்ணீருக்கு மேலேதான் தெரிந்திருக்கும்.

மேற்படி வரியை அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி ஒருவர்,
தூத்துக்குடி.