பெற்றோர்களுக்கு: காலாண்டுத் தேர்வும் கண்ணாடியும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. பிள்ளைகள் பெரும்பாலும் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். வட்டாரப் போட்டியில் நம் கபடி அணி பரிசு வாங்கியது. புதுத் தண்ணீர்த் தொட்டிக்கு உதவிய பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நன்றி. மற்ற விவரம் ரேங்க் கார்டில் இருக்கிறது.

சரி, இப்போது வேறொரு விஷயம். ஜூலையில் பள்ளியில் கண் பரிசோதனை நடந்து, தேவைப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடியும் வந்தது. போன வாரம் வகுப்பு வகுப்பாகப் போய்ப் பார்த்தேன். பாதிப் பேர் முகத்தில் கண்ணாடியைக் காணோம். கேட்டால், "உடைஞ்சிரும்னு அம்மா பீரோவுல எடுத்து வச்சிருச்சு சார்" என்கிறார்கள்.

உங்கள் பயம் புரிகிறது. ஆனால் கரும்பலகை தெரியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதும். 6 என்பதை 8 என்று எழுதிவிட்டுக் கணக்கில் மதிப்பெண்ணை விடும். நாமோ கவனம் இல்லை என்று திட்டுவோம்.

"போட்டால் பவர் ஏறிவிடும்" என்கிறார்கள் சிலர். கிட்டப்பார்வையில், அதாவது தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரிந்து மைனஸ் பவர் கண்ணாடி தேவைப்படும் குறையில், கண் உருண்டை பெரும்பாலும் கொஞ்சம் நீளமாக வளர்ந்திருக்கும். அதனால் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. பிள்ளை வளர வளரக் கண்ணும் வளர்கிறது, பவரும் மாறுகிறது. கண்ணாடி போடாமல் இருந்தாலும் அது மாறத்தான் செய்யும். முருங்கைக்கீரை தாராளமாகக் கொடுங்கள், வைட்டமின் ஏ குறைந்து மாலைக்கண் வராமல் இருக்க உதவும். மைனஸ் பவரை அது குறைக்காது. தினமும் வெளியே ஓடியாட விட்டால் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறையும். செல்போனை வாங்கி வைத்துவிட்டு விளையாட அனுப்புங்கள்.

சின்ன வகுப்புப் பெற்றோர் இதை அவசியம் கவனிக்க வேண்டும். மாறுகண் இருந்தாலோ, ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக இருந்தாலோ, மூளை அந்தக் கண்ணை மெல்ல ஒதுக்கிவிடும். சோம்பேறிக் கண் என்பது இதுதான். கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்துப் பழக்கினால் பார்வை தேறும். ஏழெட்டு வயதுக்குள் செய்தால் நல்ல பலன் உண்டு, தள்ளிப்போடப் போடக் கடினம். மாறுகண் அதிர்ஷ்டம் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "பொம்பளைப் பிள்ளை கண்ணாடி போட்டா நாளைக்கு யாரு கட்டுவா?" என்று சில வீடுகளில் கேட்கிறார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளையைப் பற்றிய பேச்சு இது! அவளுடைய அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வருகிறான். இதை நான் ஏற்க மாட்டேன். வரும் திங்கள் முதல் கண்ணாடியும் சீருடையில் சேர்த்தி. போடாமல் வந்தால் வீட்டுக்குப் போன் வரும். "சோடாபுட்டி" என்று கிண்டல் செய்கிற பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

கூலி வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு அலைவது எளிதல்ல என்று தெரியும். கண்ணாடி உடைந்தால் பயப்படாமல் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், மாற்று வழி பார்ப்போம். மறுபரிசோதனைக்கு மதுரைப் பெரியாஸ்பத்திரியில் கண் பிரிவு இருக்கிறது. மதுரை அண்ணா நகரில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. 1976ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அந்த இடத்துக்கு இன்று வெளிநாட்டு டாக்டர்களே கற்றுக்கொள்ள வருகிறார்கள். நமக்கு மாட்டுத்தாவணியில் இறங்கினால் பக்கம்தான்.

சொல்லாமலேயே பிள்ளைக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு அனுப்பும் பெற்றோருக்கும், பேத்தியைத் தானே பரிசோதனைக்கு அழைத்துப்போன ஒரு தாத்தாவுக்கும் என் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: கண் சிவந்து பூளை தள்ளினால் (மெட்ராஸ் ஐ) பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், துண்டைத் தனியாக வையுங்கள். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் எதையும் கண்ணில் விட வேண்டாம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், டாக்டர் சொல்லாமல் போட்டால் கண்ணைக் கெடுக்கும்.