மண்ணைப் பாராமல் குழி வெட்டலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெல்லம்பிட்டி, கொலன்னாவை போன்ற தாழ்நிலப் பகுதிகளில் வீடு கட்டுவோர் பலர், மண்ணைப் பாராமல், மேசன் வழக்கமாக வெட்டும் அளவிலேயே மலசலகூடக் குழியை அமைத்துவிடுகின்றனர். மணல் நிலம் நீரை விரைந்து உறிஞ்சுவதால் கழிவு போதியளவு வடிகட்டப்படாமலே அயல் கிணற்றை எட்டலாம். களிமண்ணோ நீரை எளிதில் உள்வாங்காது. சதுப்பை நிரவிய காணிகளில், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் குழிக்குள்ளேயே ஏறிவிடுவதால், உறிஞ்சு குழியைவிட நீர் கசியாத தொட்டியும், நிலமட்டத்துக்கு மேல் மணலால் மேடிட்ட வடிகட்டற் படுக்கையும் பொருந்தும். சிறு குழி தோண்டி, மண்ணை நன்கு ஊறவிட்டு, ஊற்றிய நீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்ப்பதற்குப் பெரிய செலவில்லை (தரை ஓடு தெரிவுசெய்யும் நேரத்தில் பாதி போதும்). இச்சோதனையின் முடிவை வீட்டு வரைபடத்துடன் இணைக்குமாறு உள்ளூராட்சி மன்றங்கள் கண்டிப்பாகக் கோர வேண்டும்.

வாசகர் ஒருவர்,
கொழும்பு.