கின்னிக்கோழிக் குஞ்சுகளைக் கரையேற்றிய கைகளுக்கு நன்றி

அன்புடையீர்,

இந்தப் பருவத்தில் எங்கள் கின்னிக்கோழி முட்டைகள் பொரிந்ததற்கும், பொரிந்த குஞ்சுகள் இறகு முளைத்துப் பரண்கழியில் ஏறி உட்காரும் அளவுக்குத் தேறியதற்கும் கை கொடுத்தவர்கள் பலர். பெயர் போட்டால் கூச்சப்படுவார்கள். ஆகவே செய்த உதவியைச் சொல்லியே நன்றி சொல்கிறோம். கொஞ்சம் விவரமாக எழுதக் காரணம் உண்டு. நாட்டுக்கோழி வளர்த்த பழக்கத்தில் கின்னியைத் தொடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். அந்த இடங்களில் எல்லாம் யாராவது ஒருவர் முன்னாலேயே வந்து நின்றார்கள்.

முட்டை தந்த அண்ணனுக்கு முதல் நன்றி. கருக்கூடிய முட்டை வேண்டுமானால் ஒரு சேவலுக்கு நான்கைந்து பெட்டைக்கு மேல் விடக் கூடாது என்பதில் அவர் கறார். சேவலையும் பெட்டையையும் பிரிப்பது எப்படி என்பதையும் அவர்தான் தெளிவாகச் சொன்னார். தலைக்கொம்பு, தாடி இவற்றின் பருமனைப் பார்த்துச் சொல்வது பாதி ஊகம், குரல்தான் சாட்சி. இரண்டு அசையாகக் கத்தினால் அது பெட்டை, சந்தேகமே வேண்டாம். ஒற்றை அசையில் கத்துவதை மட்டும் வைத்துச் சேவல் என்று முடிவு கட்டக் கூடாது, ஏனென்றால் பதறிய பெட்டையும் அப்படிக் கத்தும். சில நாள் காது கொடுத்துக் கேட்டும் இரட்டை அசை வரவில்லை என்றால்தான் சேவல்.

கின்னி ஒளிந்து முட்டையிடும் பறவை. புதருக்குள் பல பெட்டைகள் ஒரே குழியில் இட்டு நிரப்பும். நண்பகல் வரை கொட்டகையிலேயே அடைத்து வைத்து அப்புறம் திறந்துவிட்டால் பெரும்பாலான முட்டை உள்ளேயே கிடைத்துவிடும் என்ற யோசனைக்காகப் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். வெளியே குழி கண்டுபிடித்தால் நான்கைந்து முட்டையில் பென்சிலால் குறி போட்டு அங்கேயே விட்டுவிட்டு, புதியதை மட்டும் எடுப்பது நல்லது. மொத்தமும் எடுத்தால் பெட்டை வேறு இடம் தேடிப் போய்விடும்.

சேர்த்த முட்டைகளை வைக்கக் குளிர்ந்த அறை ஒன்றை ஒதுக்கித் தந்த அக்காவுக்கு நன்றி. 13 முதல் 18 டிகிரி செல்சியஸ், கூர்முனை கீழே, ஏழு நாளுக்குள் அடைக்குப் போய்விட வேண்டும். குளிர்பெட்டியின் 4 டிகிரி கருவுக்கு ஆகாது. வெளியே எடுத்த முட்டையை அறைச் சூட்டுக்கு வரவிட்டே இன்குபேட்டரில், அதாவது முட்டை பொரிக்கும் கருவியில், வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடு வியர்க்கும், அந்த ஈரத்தோடு கிருமி நுண்துளை வழியாக உள்ளே போகும். அழுக்கு முட்டையைக் குளிர்ந்த நீரில் கழுவினாலும் இதே கதைதான்.

இன்குபேட்டரைச் சரிபார்த்துக் கொடுத்த எலக்ட்ரீஷியன் தம்பி செய்தது பெரிய உதவி. கருவியின் முகப்பில் தெரியும் எண்ணை அவர் நம்பவே இல்லை. வெப்பமானியை நொறுக்கிய பனிக்கட்டி நீரில் வைத்து 0 காட்டுகிறதா என்று பார்த்தார். ஈரப்பதமானிக்கு உப்புச் சோதனை: ஒரு மூடியில் ஈரமாக்கிய உப்பைப் போட்டு, மானியையும் சேர்த்துக் காற்றுப் புகாத பைக்குள் வைத்து, பல மணி நேரம் விட்டால் 75 சதவீதம் காட்ட வேண்டும். எத்தனை புள்ளி தள்ளிக் காட்டுகிறதோ அதைக் கருவியின் மேலேயே எழுதி ஒட்டிவிட்டார். விசிறி உள்ள கருவிக்கு 37.5 டிகிரி. விசிறி இல்லாததற்கு முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.5 அளவில். மின்சாரம் போனால் பதறாமல் கருவியைத் திறக்காமல் போர்வை சுற்றச் சொன்னதும் அவர்தான். ஓரிரு மணி நேரக் குளிர்ச்சியைக் கரு பெரும்பாலும் தாங்கும், தாமதமாகப் பொரியும், அவ்வளவே. சூடு ஏறுவதுதான் கொல்லும். வெயில் விழும் ஜன்னலோரம் கருவியை வைக்கக் கூடாது என்பது அதனால்தான்.

தராசு இரவல் தந்தவருக்குத் தனியாக ஒரு கும்பிடு. கின்னி முட்டை ஓடு தடிப்பு, நிறமும் பழுப்பு. விளக்கு வைத்துப் பார்த்தால் நாட்டுக்கோழி முட்டை போல உள்ளே தெளிவாகத் தெரியாது. பத்தாம் நாளில் கூமுட்டையைப் பிரிக்கலாம், அதற்குமுன் பார்ப்பது வீண். முட்டையின் அகன்ற முனைக்குள் இருக்கும் காற்றறை வளர்வதைக் கண்ணால் அளப்பதைவிட எடை பார்ப்பதே உறுதி. அடை வைத்த நாளிலிருந்து 25ஆம் நாளுக்குள் முட்டை தன் எடையில் 12 சதவீதம் அளவுக்கு இழக்க வேண்டும். 20 முட்டை சேர்ந்து 840 கிராம் என்றால் மொத்தம் 100 கிராம், அதாவது நாளொன்றுக்கு 4 கிராம். அதைவிட மெதுவாகக் குறைந்தால் ஈரப்பதம் அதிகம், நீர்த்தட்டைச் சுருக்க வேண்டும். வேகமாகக் குறைந்தால் கூட்ட வேண்டும். நடுவில் கூமுட்டையை எடுத்துவிட்டுக் கணக்கை மாற்ற மறந்தால் எல்லாம் தப்பாகும். ஈரப்பதத்தை 50 சதவீதத்தில் தொடங்கித் தராசு சொல்கிறபடி ஏற்றி இறக்குவதே சரி என்பது எங்கள் கருத்து. மற்றவர் வீட்டு ஈரப்பத எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதில் பயனில்லை.

முட்டை திருப்ப முறை போட்டு வந்த பிள்ளைகளுக்கும் நன்றி. நாளுக்கு ஐந்து முறை. ஒற்றைப்படையாக வைத்தால் நீண்ட இரவில் முட்டை தினமும் ஒரே பக்கம் கிடக்காது. ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டதால் யார் எதைத் திருப்பினார்கள் என்ற சண்டையும் வரவில்லை. 24ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 முதல் 70க்கு ஏற்றி, மூடியை மூடிவிட்டோம். 26 முதல் 28 நாளில் பொரியும்.

அந்த மூடியைத் திறக்கவிடாமல் எங்கள் கையைப் பிடித்த பெரியம்மாவை எப்படிப் பாராட்டுவது! ஓட்டில் முதல் கொத்து விழுந்து முழுதாக வெளியே வர அரை நாளோ ஒரு நாளோ ஆகலாம். இடையில் ஓடு அசையாமல் கிடக்கும். அப்போது உள்ளே மஞ்சள் கருவின் மிச்சம் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது, சவ்வின் இரத்தக் குழாய்கள் வற்றுகின்றன. அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் கசியும். மூடியைத் திறந்தால் ஈரம் போய்ச் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் இறுகும். பொரிந்த குஞ்சு ஒரு நாள் கருவிக்குள்ளேயே இருந்தாலும் பட்டினியில்லை.

அடைக்கோழி ஒன்றைக் கொடுத்து உதவிய வீட்டாருக்கும் கடன்பட்டோம். கின்னி முட்டை சிறியது; ஒரு நாட்டுக்கோழி பதினைந்தைச் சிரமமில்லாமல் அணைக்கும். கின்னிப் பெட்டையையே அடைக்கு விடுவதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. பனி காயாத புல்லுக்குள் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிடும். நனைந்த குஞ்சு விறைத்துச் சாகும். கின்னியில் பெரிய சாவு முட்டைக்குள் நடப்பதில்லை, பொரிந்தபின் முதல் பத்து நாளில்தான்.

அந்தப் பத்து நாளுக்காக உதவியவர்கள் மூவர். தையற்கடையிலிருந்து பழைய டர்க்கித் துண்டுகளைத் தந்தவர் முதலாமவர். வழுவழுப்பான நாளிதழின் மேல் விட்ட குஞ்சுக்குக் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துபோகும். சொரசொரப்பான துணியில் அது வராது. வந்துவிட்டால் முதல் ஓரிரு நாளிலேயே மெல்லிய ஒட்டுப்பட்டையால் இரு கால்களையும் நிற்கும் அகலத்துக்கு இணைத்துவிட்டால் சில நாளில் சரியாகும். கோலிக்குண்டு கொடுத்த சிறுவன் இரண்டாமவன். நீர்த்தட்டு நிறையக் குண்டுகளை அடுக்கினால் இடுக்கில் அலகு மட்டுமே போகும். கட்டைவிரல் பருமன் குஞ்சுக்கு விரற்கடை ஆழத் தண்ணீரே கிணறு. மூன்றாமவர், குஞ்சுகளை வைக்கும் பெட்டியின் நான்கு மூலையையும் அட்டை வளைத்து உருட்டிவிட்டவர். மிரண்ட குஞ்சுகள் மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி அடியில் உள்ளவை மூச்சு முட்டும். மூலையே இல்லாவிட்டால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும்.

அந்தப் பெட்டிக்குள் முதல் வாரம் 35 டிகிரி, வாரத்துக்கு மூன்று டிகிரி குறைப்பு. விளக்கை ஒரு ஓரத்தில்தான் தொங்கவிட வேண்டும், சூடு தாங்காத குஞ்சு ஒதுங்க இடம் வேண்டும்.

தீவனம் பற்றி வழிகாட்டிய கால்நடை மருத்துவருக்கு நன்றி. முதல் ஐந்து வாரம் 24 முதல் 26 சதவீதப் புரதம், வான்கோழிக் குஞ்சுத் தீவனம் பொருந்தும். முட்டைக்கோழித் தீவனம் வேண்டாம். அதன் கால்சியம் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரத்தக்கழிச்சலுக்கு மருந்து கலந்த தீவனம் என்றால் எந்த மருந்து என்று பையில் வாசித்து, மருத்துவரைக் கேட்டபிறகே போடச் சொன்னார். அப்படிக் கலக்கும் மருந்துகளில் ஒன்றான சாலினோமைசின் வான்கோழிக்கு நஞ்சு. கோழிக்குப் பொருந்தியது எல்லாப் பறவைக்கும் பொருந்தாது. நாட்டுக்கோழி மேய்ந்த தரையில் குஞ்சுகளை விடக் கூடாது என்பதும் அவர் சொன்னதே. கோழியின் குடற்புழு முட்டை வழியாகக் ஈரலைத் தாக்கும் கருந்தலை நோயின் கிருமி மண்ணில் நெடுநாள் தங்கும்.

கடைசியாக, பிடிக்கக் கற்றுக்கொடுத்த அண்ணிக்கு. கின்னியைக் காலைப் பிடித்துத் தூக்கவே கூடாது, மூட்டு எளிதில் விலகும். இருட்டியபின், இரு இறக்கையையும் உடலோடு சேர்த்து இரு கையால்.

அடுத்த பருவத்துக்கு முட்டை கேட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எடுத்துப்போக வருபவர்கள் முட்டை அட்டையோடு வாருங்கள், கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கித் தருகிறோம். வீடு சேர்ந்ததும் உடனே கருவியில் வைக்காதீர்கள். குலுங்கிய காற்றறை நிலைகொள்ள ஒரு நாள் அசையாமல் இருக்கட்டும். இரவல் தராசையும் அப்போதே வாங்கிப்போகலாம், உரியவர் சம்மதித்துவிட்டார்.

நன்றியுடன்,
கின்னிக்கோழி வளர்ப்போர்